இரண்டு பேருக்கு ஒரு போன்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் சலவைக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை பெரியவளுடையது. அதற்கடுத்த மேசையில் சின்னவள், அவளுக்கு ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியவளின் புருஷன் படுத்த படுக்கை. அவன் தம்பி வேலை தேடிப் போனவன், போனவன்தான். இந்த இரண்டு பெண்களின் கையால்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

முன்பு சூப்பர்வைசர் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவார். பிறகு வந்தது அந்த ஆப். சாயங்காலம் போனில் மணி அடிக்கும். முதலில் அமுக்குகிறவர்களுக்கு மறுநாள் வேலை. பந்திக்கு முந்து என்பார்கள், இப்போது துணி மடிக்கவும் முந்த வேண்டும். பெரியவளிடம் இருந்ததோ பட்டன் போன். அதில் ஆப்பாவது கீப்பாவது!

அதனால் சின்னவளின் போனிலேயே அவளுக்கும் கணக்குத் திறந்தார்கள். மணி அடித்ததும் சின்னவள் தனக்கு அமுக்குவாள். அதை மூடிவிட்டு அக்கா கணக்கில் நுழைவாள். பெரும்பாலும் அதற்குள் இடம் தீர்ந்திருக்கும். பெரியவள் புருஷனின் மருந்துக்கே வழியில்லாமல் போனபோது சின்னவள் முறையை மாற்றினாள்: அக்காவுக்கு முதலில், தனக்குப் பிறகு. என் ஓரகத்தி எனக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட மொண்டு தரமாட்டாள்.

ஒருநாள் இரண்டு கணக்குகளும் முடங்கின. ஒரே போனில் இரண்டு பேர் இருந்தால் மோசடியாம். வீட்டில் ஆப் ஓடுவதே ஒரு போனில்தான், இதில் எங்கே மோசடி?

பெரியவள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனாள். அவர் இரக்கப்படுகிறவர்தான். ஆனால் சாமி அந்த ஆப். அவர் வெறும் பூசாரி.

"ஒருத்தர் மேலதான் தப்புன்னா, மத்தவங்க கணக்கத் திறந்துவிடச் சொல்லலாம்மா. தப்பு பண்ணவங்களுக்கு இனி எப்பவும் வேலை கிடையாது."

பெரியவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். "நான்தான் சார். அவ தூங்குறப்ப போன எடுத்து என் பேரப் போட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது."

வெளியே வந்ததும் கத்தினேன். "பைத்தியமா உனக்கு? படுத்திருக்கிற மனுஷனுக்கு யாரு சோறு போடுவா?"

"என் கணக்கத் திறந்தா நான் எதுல அமுக்குறது? ஒரு போன்ல ஒரு பேருதான்னா, அது அவ பேரா இருக்கட்டும். போன் அவளுது."

அவள் அழவில்லை.

சின்னவளின் கணக்குத் திறந்த அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். மணி அடித்தது. சின்னவள் போனை மடியில் போட்டுவிட்டுத் தேம்பினாள். "உன்னத் திருடியாக்கிட்டு நான் மட்டும் எப்படிக்கா போவேன்?"

"அழ அப்புறம் நேரமிருக்கு, முதல்ல அமுக்குடி!"

பெரியவள் அவள் விரலைப் பிடித்து இழுத்துத் திரையில் வைத்தாள். இடம் தீர்ந்திருந்தது.

பெரியவள் அந்த விரலை விடவில்லை.

"நாளைக்கு மணி அடிக்கிறப்ப அழாதடி," என்றாள்.