எல்லைக்கு இரண்டு பக்கமும்

புனலூரில் பார்த்த வேலை போய், எல்லை தாண்டிப் புளியறையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தபோது, ரப்பர் ஏற்றி நின்ற லாரியின் புளித்த வாடை, இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட எங்கள் கேரள எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது. அங்கே மழைச் சத்தம் ஓயாத தகரக்கூரைக்குக் கீழே, புகையில் காயும் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில் நின்ற அம்மாவை, தமிழ் பேசுபவள் என்ற இளக்காரத்தில் மலையாளி மேஸ்திரி "எடீ பாண்டி" என்றுதான் கூப்பிடுவார். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்திலோ நான் மலையாளத்தான். "ஏலே, ஒங்க ஊருக்குப் போலே" என்று பையன்கள் விரட்டிய அன்று, நாம் யாரென்று கேட்டு அம்மாவிடம் அழுதேன்.

"எனக்கு மட்டும் தெரியுமாலே? சோத்தத் தின்னு" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

லாரியைக் கண்ட மறுநாள் காலை, குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கும் வேலை கேட்டேன். "கேரளாக்காரன்னு சொல்லுதீரா? அப்பந்தான் கூட்டம் வரும்வே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. சரியென்று தலையாட்டிவிட்டு, மலையாளம் கலந்து பேசிக்கொண்டே முதல் ஆளின் முதுகில் எண்ணெயை ஊற்றினேன்.