நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்

நம்பாதவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. போன ஆகஸ்டில், பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில், என் சொந்த வீட்டில் நடந்தது இது. நேரம்கூடக் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் ஜோவெலின். மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. தீவு தீவாகப் போய்க் கிடங்குகளில் சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்தில் இருபது நாள் படகு, விடுதி, லேப்டாப் என்றே போய்விடும். ஐந்து வயது மகள் யூமிக்கு நான் பெரும்பாலும் திரையில் தெரியும் ஒரு முகம்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

இதே வேலை பார்த்த மெர்லி அக்கா, போன இடத்தில் விடுதி அறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். அவர் போகும் தீவுகள் வேறு, நான் போகும் தீவுகள் வேறு. நேரில் பார்த்தது நாலைந்து தடவை இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் கார்கார் என்ற ஊரில் இருக்கும் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். துக்கம் மட்டுமா? அவருடைய லேப்டாப்பை வாங்கி வரச் சொல்லி ஆபீஸ் உத்தரவு. என்னுடையது பழுதாகிக் கிடந்ததால் இனி அதில்தான் நான் வேலை பார்க்க வேண்டும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அவர் தம்பி எல்மர் பையை நீட்டினான்.

"வழியில எங்கயாவது இறங்கி ஒரு காபி குடிச்சிட்டுப் போங்கக்கா. நேரா வீட்டுக்குப் போயிடாதீங்க."

எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் செத்தவரும் கூடவே வருவார். நடுவில் ஒரு கடையில் உட்கார்ந்து எழுந்தால் அங்கேயே தங்கிவிடுவார். ஆனால் ஆபீஸ் விதி வேறு. லேப்டாப் கையில் இருந்தால் எந்தக் கடைக்குள்ளும் நுழையக் கூடாது. அப்படி நுழைந்து லேப்டாப்பைத் தொலைத்த ஒருவருக்குப் போன வருடம் வேலையே போனது. நான் செத்தவரைவிட மேனேஜருக்குத்தான் அதிகம் பயந்தேன்.

பஸ், பிறகு ஜீப்னி என்கிற ஷேர் வண்டி, நேரே வீடு. மாலை 5.20.

கதவைத் திறந்த என் கணவன் ரோமெல், நான் உள்ளே வந்த பிறகும் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"என்ன?"

"கூட யாரோ வந்தாங்களே... ரெண்டு பேர் செருப்புச் சத்தம் கேட்டுச்சு."

"உனக்குக் காது கோளாறு. சாத்து."

புதன் விடியற்காலை நான்கு மணிக்கு, யூமி தூங்கும்போதே கிளம்பி, கமோட்டெஸ் தீவுக்குப் படகேறினேன். ரோமெல் பஸ் டிரைவர். மாலை வேலைக்குப் போகும்போது யூமியைப் பக்கத்து வீட்டு நேனா அக்காவிடம் விடுவான். அன்று மாலை 6.40க்கு லேப்டாப்பிலிருந்து நேனா அக்காவின் போனுக்கு அழைத்தேன். யூமிக்கு அழகாக இரட்டைப் பின்னல்.

"யாருடி பின்னி விட்டது?"

"நீதாம்மா. காலைல."

ரோமெலுக்குப் பின்னத் தெரியாது. நேனா அக்காவும் தான் பின்னவில்லை என்றார். பிள்ளை விளையாடுகிறாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

வியாழன், புயல் எச்சரிக்கை. படகுகளை நிறுத்திவிட்டார்கள். நடுவில் இருப்பது இரண்டு மணி நேரக் கடல்தான்.

மாலை 6.40. நான் அழைப்பதற்குள் லேப்டாப் மணியடித்தது. எங்கள் வீட்டு டேப்லெட்டிலிருந்து அழைப்பு. எடுத்தேன்... எங்கள் படுக்கையறை. விளக்கு எரியவில்லை. கட்டிலில் யூமி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நேனா அத்தை எங்கடி?"

"அவங்க வீட்ல. நாமதான் வந்துட்டோமே."

நாமா...?

போனை எடுத்து நேனா அக்காவுக்கு அடித்தேன்.

"ஆறு பத்துக்கு நீதானே ஜோவி வந்து கூட்டிட்டுப் போனே! மழையில சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து, ஒரு வார்த்தை பேசல. என் மேல என்ன கோவமோன்னு நானே யோசிச்சிட்டு இருக்கேன்."

"அக்கா, நான் தீவுல இருக்கேன்! ஓடுங்க! கதவ உடைங்க!"

திரையில் யூமி பக்கவாட்டில் யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்.

"யூமி, வெளிய ஓடுடி! ஓடு!"

"அம்மா தாப்பாள் போட்டுட்டாங்களே."

சொட்... சொட்... சொட்...

தரையில் மண்டியிட்டேன்.

"மெர்லி அக்கா... உங்க கால்ல விழறேன். என்னை எடுத்துக்கோங்க. என் பிள்ளைய விட்டுடுங்க!"

கட்டில் கிரீச்சென்றது. யாரோ உட்கார்ந்தார்கள்.

ஒரு குரல்.

என் குரல்.

"தூங்குடா கண்ணு..."

6.52. அழைப்பு அறுந்தது.

நேனா அக்காவும் நாலு பேரும் கதவை உடைத்து உள்ளே போனபோது யூமி கழுத்துவரை போர்த்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். வேறு யாருமில்லை. தரை முழுக்க ஈரம்.

சனிக்கிழமை முதல் படகில் ஓடி வந்தேன். யூமியை அள்ளிக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

"நீ மறுபடியும் போயிடுவே. அந்த அம்மா போகவே மாட்டேன்னு சொன்னாங்க."

அப்படி ஓர் அழுகை நான் வாழ்நாளில் அழுததில்லை.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, வேலையையும் விட்டுவிடுவதாகச் சொன்னேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதே லேப்டாப்பிலிருந்து மெர்லி அக்கா பெயரில் ஏற்கனவே ஒரு ராஜினாமாக் கடிதம் வந்திருக்கிறதாம். வந்த நேரம் வியாழன் மாலை 6.53. ஒரே வரி. "இனி வீட்டில் என் மகளோடு இருக்கப் போகிறேன்."

வெளியே வந்து எல்மருக்குப் போன் செய்து கேட்டேன்.

"மகளா?" என்றான். "அக்காவுக்குக் கல்யாணமே ஆகலையே."