கூட்டேரிப்பட்டில் பாதியில் நின்ற நாடகம்

மலர்விழி பல்கலைக்கழக நாடகத் துறையில் பேராசிரியை. மேடையில் எப்படி அடி வாங்குவது, எப்படி விழுவது என்று சொல்லிக்கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியென்றால், இழுப்பவன் சும்மா கை வைத்தால் போதும். அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டு தானே நகர வேண்டியவள் இழுபடுகிறவள்தான். வலிக்காது, பார்க்கிறவர்களுக்கோ நிஜமாகவே இழுப்பது போலிருக்கும்.

வீட்டில் அது செல்லாது. புருஷன் வேங்கடேசனுக்குத் திண்டிவனத்தில் அரிசி ஆலை. ஒத்திகை முடிந்து தாமதமாக வந்ததற்காக, கல்யாணமான வருஷமே சொம்பால் அடித்து அவள் புருவத்தைக் கிழித்தான். பிறகு ஒரு விலா எலும்பு முறிந்தது. கேட்டவர்களிடம் படியில் விழுந்ததாகச் சொன்னாள். விழச் சொல்லிக்கொடுக்கிறவள் இத்தனை தடவை விழுவாளா என்று யாரும் யோசிக்கவில்லை.

போன வருஷம் மனைவியை அடிக்கும் ஒருவனைப் பற்றி நாடகம் போட்டாள். புருஷனாக செல்வகுமார், மனைவியாக இசைவாணி. இருவரும் அவள் மாணவர்கள். ஒத்திகையில் செல்வகுமார் கத்திக் கத்தி அடித்தான். மலர்விழி நிறுத்தினாள்.

"கத்த மாட்டான்பா. முதல்ல கதவைச் சாத்துவான். டிவி சத்தத்தை ஏத்துவான். முடியைக் கையில ஒரு சுத்து சுத்திக்கினுதான் பேசவே ஆரம்பிப்பான்."

இசைவாணி மலர்விழியின் புருவத்துத் தழும்பையே பார்த்தாள்.

கூட்டேரிப்பட்டு சந்தைத் திடலில் ஒரு சாயங்காலம் நாடகம். உன் வீட்டுக் கதைதான் ஓடுகிறது என்று யாரோ ஆலைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நாடகம் பாதியில் இருக்கும்போது வேங்கடேசன் மேடையேறினான். செல்வகுமாரை நெஞ்சில் உதைத்துக் கீழே தள்ளினான். ஓரத்தில் நின்ற மலர்விழியின் முடியைக் கையில் சுற்றி நடுவுக்கு இழுத்து வந்து, தலையை மேடைப் பலகையில் மோதினான்.

"ஊருக்கே காட்டிக்கினு இருக்கியா?" என்றான்.

மறுபடி மோதத் தூக்கியபோது அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள். இழுப்பு அவள் வசம் வந்தது. கால் ஊன்றி எழுந்து மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். பிடி விட்டதும், காட்சிக்காக வைத்திருந்த உலக்கையை எடுத்தாள். முதல் அடியில் அவன் முழங்கை முறிந்தது. அடுத்தது முட்டியில், விழுந்தான். மூன்றாவது அடி, கிடந்தவன் முதுகில். அது தேவையில்லை என்று ஓங்கும்போதே அவளுக்குத் தெரியும். இருந்தும் அடித்தாள், திரும்பவும் ஓங்கினாள். இசைவாணி ஓடிவந்து இடுப்போடு கட்டிக்கொண்டாள்.

"போதும் மேடம். அந்தாளு இனிமே எழுந்திருக்க மாட்டான்."

போலீஸ் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் மீதும் வழக்குப் போட்டது. பல்கலைக்கழகம் அவளைப் பணியிடை நீக்கம் செய்தது. மாணவர்கள் சாட்சி சொன்ன பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது. விவாகரத்துக்கு மனு போட்டுவிட்டு விழுப்புரத்தில் வாடகை வீடு பார்த்துக்கொண்டாள்.

அதே நாடகத்தைக் கண்டாச்சிபுரத்தில் முழுசாகப் போட்டார்கள். முடிந்ததும் வீரம்மாள் என்று ஒருத்தி மேடைக்குப் பின்னால் வந்து முந்தானையை விலக்கினாள். தோளில் இரண்டு சூட்டுக் காயங்கள், ஒன்றில் சீழ். வீட்டுக்குப் போனால் புருஷன் இன்றைக்குக் கொன்றுவிடுவான் என்றாள். மலர்விழி அவளை நாடக வேனில் ஏற்றி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னாள். தெருமுனையில் கல் பறந்து வந்து பக்கக் கண்ணாடி நொறுங்கியது. பின்னால் வீரம்மாளின் புருஷன் அரிவாளோடு ஓடிவந்தான்.

டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் மலர்விழி.