கைதட்டினால் எழும்புவார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். இசை நாடகத்துக்கு டிக்கட் விற்கிற காலத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்விதான். "பிள்ளைக்கு நாலு வயசு... கூட்டிகிட்டு வரலாமா?"

கண்டியில் எங்கள் நாடகக் குழுவுக்கு நான்தான் செயலாளர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்த மலையில் நரைத்தவன் நான் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். வயதுக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருக்குமா? மிருதங்கச் சத்தத்துக்குப் பயப்படாதா? கதாநாயகி உருகிப் பாடும்போது பாத்ரூம் போகவேண்டும் என்று கத்தாதா? அப்படியென்றால் தாராளமாகக் கூட்டி வாருங்கள். டிக்கட்டில் 'ஐந்து வயதுக்கு மேல்' என்று அச்சடிப்பது சும்மா ஒரு மிரட்டல்.

ஞாயிற்றுக்கிழமை பேசியது பக்கத்து ஊர் குண்டசாலையிலிருந்து சுமதி. "அண்ணே, கவிஷாவ இந்த வருஷமும் கூட்டிகிட்டு வரவா? அவதான் கேக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு."

அந்தத் தயார் பதில் இந்தப் பிள்ளைக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

சுமதியின் கணவன் ரமேஷ்தான் எங்கள் குழுவின் குரல். பகலில் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்பான். பின்னேரம் ஒத்திகைக்கு வந்து வாயைத் திறந்தால்... ஹார்மோனியக்காரரே விரலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். ரமேஷ் வேலைக்குக் கட்டாருக்கு விசா எடுத்தான். நாடகம் முடிந்த அடுத்த வாரம் பயணம்.

அந்த நாடகத்தில் அவன் ஒரு தோணிக்காரன். மகாவலி ஆற்றில் வெள்ளம் வருகிறது. ஊராரையெல்லாம் கரையேற்றிவிட்டு அவன் மட்டும் ஆற்றோடு போகிறான். உடலைக் கொண்டுவந்து பாயில் கிடத்துவார்கள். மனைவியாக நடிப்பவள் ஒரு நீண்ட பாட்டுப் பாடி அழுவாள். எங்கள் சனத்துக்கு, அழாமல் வீட்டுக்குப் போனால் டிக்கட் காசு நட்டம்.

மகள் கவிஷாவுக்கு அப்போது நாலு வயது. என்னைக் கண்டாலே "ஓம் மாமா, ஓம் மாமா" என்று, 'ஆமா'வுக்கு 'ஓம்' சொல்கிற என் யாழ்ப்பாணத் தமிழை நக்கலடிக்கிற வாயாடி. அவளைக் கூட்டி வரச் சுமதிக்கு விருப்பமில்லை. "அப்பா செத்துக் கெடக்குறத புள்ள பாக்கணுமா?" என்று சண்டை பிடித்தாள்.

"நான் மேடையில நிக்கிறத அவ ஒரு தடவ பாக்கட்டும் சுமதி. இனி எப்ப வருவேனோ..." என்றான் ரமேஷ். அதற்கு மேல் அவள் என்ன சொல்ல முடியும்?

முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் தாயும் மகளும். முதல் பாதி முழுக்க "எங்கப்பா! எங்கப்பா!" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் மேடையைக் கைகாட்டினாள். பிறகு அவனைப் பாயில் கிடத்தினார்கள்.

"அம்மா, யாரு அந்த ஆன்ட்டி? ஏன் எங்கப்பாவப் புடிச்சு அழுவுறாங்க?"

பின்வரிசையில் சிரிப்பு. ஆனால் கவிஷாவின் உதடு கோணத் தொடங்கிவிட்டது. வீறிடப் போகிறாள் என்று தெரிந்ததும் சுமதி அவசரமாக அவள் காதில் சொன்னாள்: "அழாத தங்கம். பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுவாங்க. தட்டுனா அப்பா எழும்பிருவாரு."

அந்த நேரத்தில் ஒரு தாய் வேறு என்ன சொல்லியிருப்பாள்?

பாட்டு முடிந்தது. மண்டபமே தட்டியது. கவிஷா கதிரைமேல் ஏறி நின்று தட்டினாள். விளக்குகள் எரிந்தன. ரமேஷ் எழும்பி, முன்னால் வந்து சபையைக் கும்பிட்டான். "எழும்பிட்டாரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் அழுதுகொண்டிருந்த சனமெல்லாம் சிரித்தது.

கட்டாருக்குப் போன பிறகு அது அப்பாவுக்கும் மகளுக்கும் விளையாட்டாகிவிட்டது. லீவு நாளில் வட்ஸ்அப்பில் வருவான். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். இங்கே கவிஷா தட்டுவாள். எழும்ப மாட்டான். இன்னும் பலமாகத் தட்டவேண்டும், அம்மாவும் தட்டவேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தட்டவேண்டும்... அப்புறம்தான் துள்ளி எழும்புவான். ஒரு முறை சுமதி வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் சேர்ந்து தட்டினேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து படுத்தவன் காலையில் எழும்பவில்லை.

மாரடைப்பு என்றார்கள். முப்பத்து மூன்று வயது. என்ன வெயிலில் நின்றான், என்ன சாப்பிட்டான், கடைசியாக யார் பார்த்தார்கள்? அதையெல்லாம் சொல்ல அங்கே வேலை கொடுத்தவர்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பெட்டி வந்தது. குழுவில் எல்லோரும் குண்டசாலைக்குப் போனோம். முற்றத்தில் வாடகைக் கதிரைகள். உள்ளே சுமதி அழுதுகொண்டிருந்தாள். எங்கள் மேடையில் யாரும் அப்படி அழுததில்லை.

கவிஷா வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் அழவில்லை. தட்டினாள்.

முதலில் மெதுவாக. பிறகு பலமாக. அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர், நான்... எல்லாம் தெரிந்த முகங்கள்.

"மாமா, நீங்களும் தட்டுங்க. எல்லாரும் தட்டுனாத்தான் எழும்புவாரு."

நாடகத்தில் கைதட்டல் சோர்ந்துபோனால், சபையிலிருந்து முதல் ஆளாகத் தட்டித் தொடங்கி வைப்பது செயலாளரின் இரகசிய வேலை. எத்தனையோ வருடமாகச் செய்கிறேன். அன்றைக்கு என் கை அசையவில்லை.

தட்டினால் அவன் எழும்ப மாட்டான், அதை அவள் அந்த இடத்திலேயே பார்த்துவிடுவாள். தட்டாவிட்டால், நாங்கள் தட்டாததால்தான் அப்பா எழும்பவில்லை என்று நினைப்பாள். இதில் எது பரவாயில்லை? எனக்கு இன்றைக்கும் தெரியாது. மிருதங்கக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். யாரோ ஒரு பெண் கவிஷாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு முயல்களைக் காட்டப் போனாள். போகும்போதும் பிள்ளை தட்டிக்கொண்டேதான் போனாள்.

நாடகம் பார்க்கப் பிள்ளைக்கு வயது காணுமா, போதுமா என்று கேட்கிறோம். மேடையில் நடக்கிற சாவு பொய் என்று புரிந்தால் போதும், அவ்வளவுதான் எங்கள் கவலை. மற்றச் சாவு மெய் என்று புரிய எத்தனை வயது வேண்டும்? அதை யாரும் டிக்கட்டில் அச்சடிப்பதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன். நான் பதில் சொல்வதற்குள், "இந்தாங்க, அவளே பேசுறா" என்று சுமதி போனைக் கவிஷாவிடம் கொடுத்துவிட்டாள்.

"மாமா, நாடகத்துக்கு நெறையப் பேரு வருவாங்களா?"

செயலாளர் புத்தி விடுமா? "ஓமம்மா, மண்டபம் நிறைஞ்சிடும்" என்றேன் பெருமையாக.

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தவங்கள விட நெறையவா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாமா... எல்லாரும் தட்டுவாங்கதானே?"

சுமதி போனை வாங்கி, "என்னண்ணே சொல்றீங்க, வரலாமா?" என்றாள். "பிள்ளைக்கு இன்னும் வயசு காணாது, அடுத்த வருஷம் பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிக்கட்டில் ஐந்து வயதுக்கு மேல் என்றுதான் இருக்கிறது. கவிஷாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. வயது காணாதது எனக்குத்தான்.