கேட்காமல் வந்த மருந்து

கிராம சுகாதார நர்ஸ் வேலைக்கு முதல் தகுதி, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதைத் தாளிப்பு வாசனையை வைத்தே கண்டுபிடிப்பது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களில், தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்து வருஷத்திலும், நான் தட்டாத கதவு கிடையாது. ஒரு கையில் மருந்து வைத்த ஐஸ் பெட்டி, தோளில் ரிஜிஸ்டர் அடைத்த பை, மழை பெய்துவிட்டால் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு கிலோ மண். எங்களுக்கு மாதாமாதம் கூட்டம் நடக்கும். இனி வரப்போகிற சமுதாயத்தின் எல்லாப் பிரச்சினைக்கும் மருத்துவம் வழி கண்டுபிடித்துவிடும் என்று அதில் பெரியவர்கள் பேசுவார்கள். நாங்கள் தலையாட்டிவிட்டு பஸ் ஏறுவோம். ஊர் ஜனங்கள் அதை நம்பவில்லை. நாளாக ஆக எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. கணக்கெடுப்புக்குப் போய் நாய்க்கடி வாங்கிய வாத்தியார்களும், வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைத்த மற்றவர்களும் இதைப் படித்தால் என் பாடு புரியும்.

ஐஸில் வைத்த சொட்டு

போலியோ சொட்டு மருந்து முகாம் ஆரம்பித்த புதிது. நாகலாபுரம் பக்கம் ஒரு ஊரில், காலையிலிருந்து பள்ளிக்கூடத்தில் காத்திருந்தும் ஒரு தெருவிலிருந்து மட்டும் ஒரு பிள்ளைகூட வரவில்லை. இந்தச் சொட்டைக் குடித்தால் பிள்ளைகள் பெரிசான பிறகு வாரிசு தங்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். இப்படி ஏதாவது நடக்கும் என்று பயந்துதான் என் மூன்று வயது மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அந்தத் தெருவுக்கு நடந்தே போய், எல்லாரும் பார்க்க அவள் வாயில் இரண்டு சொட்டு விட்டேன்.

பொன்னுச்சாமி என்று மிளகாய் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் முன்னால் வந்தார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். "உங்க பிள்ளைக்கு ஊத்தின குப்பி வேற, எங்களுக்கு வேறயா இருக்கும்லா?" என்றார். பெட்டியைத் திறந்து நீட்டி, நீங்களே ஒரு குப்பியை எடுங்கள் என்றேன். அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். அதிலிருந்தும் என் மகளுக்கு இரண்டு சொட்டு விட்டேன். ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்குள் போய் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது. நோட்டில் பெயர் எழுதும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க நர்சம்மா. நல்ல தண்ணி கேட்டு வருஷக்கணக்கா மனு குடுக்கோம், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கேக்காத மருந்தை ஐஸ்ல வச்சு வீடு தேடிக் கொண்டு வாரீங்க. எங்களுக்குச் சந்தேகம் வராதா?"

ஆபீஸில் இரும்புச் சத்து

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வேலை பார்க்கும் பெண்களுக்கு ரத்தசோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க அப்படி ஒரு ஆபீஸுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை எழுந்து வந்து நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, "தாராளமாக் குடுங்க, நம்ம பிள்ளைக நல்லா இருக்கணும்" என்றார். என் சர்வீஸில் இவ்வளவு வரவேற்பு எங்கேயும் கிடைத்ததில்லை. கலரைக் குடிக்கும்போதே எனக்கு என்னவோபோல் இருந்தது.

முத்துலட்சுமி என்ற பெண் மாத்திரை வாங்குகிற சாக்கில் குனிந்து, நீர்க்கடுப்பு தாங்க முடியவில்லை என்றாள். காய்ச்சலும் இருந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே தொந்தரவு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் அதே. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். மூன்று பேரும் மாற்றி மாற்றி விஷயத்தைச் சொன்னார்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டும், இருக்கிற ஒரே கக்கூஸின் சாவி கணக்குப்பிள்ளையின் மேஜையில் இருக்கிறது, போய்க் கேட்டால் எல்லார் முன்னாலும் ஏச்சு. அதனால் காலையில் வீட்டில் குடித்துவிட்டு வந்தால் சாயங்காலம் வீட்டில்தான் அடுத்த வாய் தண்ணீர்.

நான் கணக்குப்பிள்ளையிடம் போய், மாத்திரை இருக்கட்டும், முதலில் அந்தக் கதவைத் திறந்து விடுங்கள், முடிந்தால் இன்னும் இரண்டு கட்டுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "கட்டுததெல்லாம் பெரிய வேலைம்மா. வேலை நேரத்துல போகணும்னு தோணாம இருக்க ஒரு மாத்திரை இருந்தாச் சொல்லுங்க, நாங்களே வாங்கிக் குடுத்துருதோம்."

மிஷின் சொன்ன பொய்

கழுகுமலைக்குப் போகிற வழியில் ஒரு ஊர். செல்விக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றாவது வயிற்றில். ஐந்தாம் மாதம் மாமியார் மாடத்தி அவளை ஸ்கேன் பார்க்க டவுனுக்குக் கூட்டிப் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் 'ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம்' என்று போர்டு தொங்கும். அதற்குக் கீழேயே உட்கார்ந்து ஜாடையில் சொல்லிவிடுவார்கள். அப்படிப் போய் வந்த ஒருத்தி அடுத்த மாதமே "கால் தடுக்கி விழுந்துட்டேன்" என்று என்னிடம் கண்ணைப் பார்க்காமல் சொன்னது மறக்கவில்லை.

மறுநாளே போனேன். செல்வி கட்டிலில் உட்கார்ந்திருக்க, மாடத்தி முட்டை அவித்து உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன மாதம் வரை அந்த வீட்டில் செல்விக்கு மிச்சக் கஞ்சிதான். "சிங்கக்குட்டி வரப்போகுது நர்சம்மா" என்றாள் மாடத்தி. எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கண்ணை மறைக்க நாடகம் போடுகிறார்கள், நான் அசந்த நேரம் எங்கேயாவது கூட்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். வாரம் தவறாமல் ஏதாவது சாக்கு வைத்து அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் வயிறு வளர்ந்திருந்தது, செல்வியின் கன்னமும் கொஞ்சம் பூசியிருந்தது. நான் கொடுத்த மாத்திரைகளை மாமியாரே எண்ணி வைத்திருந்து கொடுத்தாள்.

பிரசவம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், என் கையில்தான் நடந்தது. பெண் குழந்தை. மாடத்தி குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வெளியே போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கேன்காரனின் ஏழு தலைமுறையையும் ஏசினாள். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது மாடத்தி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அதன் மூக்கைப் பிடித்து விடுவாள், ஸ்கேன்காரனை ஏசுவாள், மறுபடி மூக்கைப் பிடித்து விடுவாள். அவள் வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ளாற நான் மட்டுந்தான் போனேன் நர்சம்மா. இதுவும் பொட்டப்பிள்ளதான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வெளிய வந்து அத்தைகிட்ட ஆம்பளப்பிள்ளன்னு சொல்லிட்டேன். இப்ப எல்லாரும் மிஷினத்தான ஏசுதாவ."

அடிக்கடி வந்த நான்

ஜெயமேரியின் கணவர் லாரி டிரைவர். காய்ச்சலில் படுத்து, எலும்பாகி இறந்தார். அவருக்கு இருந்த நோய் ஜெயமேரிக்கும் இருப்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்ற பெயரை வாய்விட்டுச் சொல்லவே எல்லாருக்கும் பயம். சில வருஷம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஜெயமேரி அதைப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்து, வேளை தவறாமல் சாப்பிட்டாள். ஒரு வருஷத்தில் ஆள் தேறிவிட்டாள். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்துக்கு வேனில் போய் வர ஆரம்பித்தாள். எனக்கு ஒரே பெருமை. மாதக் கூட்டத்தில் பெரியவர்கள் சொன்னது இவள் விஷயத்திலாவது பலித்ததே என்று, வாரத்துக்கு இரண்டு தடவை போய் எடை பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன்.

ஒரு நாள் அவள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என்னைத் தேடி வந்து நின்றாள். அக்கம்பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கும்பிடுகிற மாதிரி கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாத்திரை என் உசிரைக் காப்பாத்திட்டு நர்சம்மா. மாசமான பிள்ளையும் இல்ல, கைப்பிள்ளையும் இல்ல, இவ வீட்டுக்கு நர்சு எதுக்கு வாராவன்னு வேன்ல பேச ஆரம்பிச்சுட்டாவ. நீங்க வராம இருந்தீங்கன்னா என் பொழப்பையும் காப்பாத்திரலாம்."

பேச்சுப் போட்டி

ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். தலைப்பு, எதிர்காலச் சமுதாயப் பிரச்சினைகளைத் தீர்ப்பதில் மருத்துவத்தின் பங்கு. ஏழு பிள்ளைகள் பேசினார்கள். ஏழு பேருக்கும் ஒரே டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது இரண்டாவது பிள்ளையிலேயே தெரிந்துவிட்டது. கடைசியாக வந்தவள் ஆறாம் வகுப்பு மாரியம்மாள். ஒரு மாத்திரை போட்டால் ஒரு நாள் முழுக்கப் பசிக்காது என்ற காலம் வரும், அன்றைக்கு உலகில் பட்டினியே இருக்காது என்று கையை நீட்டிச் சொன்னவள், அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து டீச்சர் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை. மைக்கை விட்டுத் தள்ளி நின்று டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், அந்த மாத்திரை வந்துட்டா நமக்குச் சத்துணவை நிறுத்திருவாங்களா?"

இப்போது ரிட்டயராகி வீட்டில் இருக்கிற எனக்கு டாக்டர் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, இந்த மனிதருக்கு என் மேல் திடீரென்று எதற்கு இவ்வளவு கரிசனம் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் முழுங்குகிறேன்.