போதகர் வீட்டு வாசலில் கட்டி வைத்த சாமான்கள்

மலையடிவாரத் தாப்பா பேருந்து நிலையத்தில் காலை எட்டரைக்கு வண்டி என்றார்கள். கிளம்பும்போது ஒன்பது தாண்டிவிட்டது. 1979ஆம் ஆண்டு அது. மலைமேலுள்ள ரிங்லெட் வரைக்கும் இரண்டு வெள்ளி கட்டணம். தூரம் இருபத்தெட்டு மைல்தான், ஆனால் வளைவுகளை எண்ணத் தொடங்கியவர் யாரும் எண்ணி முடித்ததில்லை. எனக்கு ஐந்தாவது வளைவிலேயே வயிற்றைப் புரட்டியது. பக்கத்து இருக்கை அம்மாள், மடியில் கருவாட்டுப் பொட்டலத்தோடு இருந்தவர், எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினார்.

“மோந்துக்கிட்டே வாங்க ஐயா. என்னா சோலியா மேல போறீங்க?”

“தோட்டத்தில் ஒரு போதகர் இருக்கிறார். அவரோடு பேசப் போகிறேன்.”

“பேசவா? அதுக்கா இம்புட்டு தூரம்?” என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

நான் ஈப்போவில் போதகன். ஒதுக்குப்புறமான இடங்களில் தனியாக ஊழியம் செய்யும் இளம் போதகர்களுக்கு ஆளுக்கொரு மூத்த போதகரை எங்கள் திருச்சபை அந்த ஆண்டு துணையாக வைத்தது. வேலை எப்படிப் போகிறது, மனசு எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு இரண்டு முறை உட்கார்ந்து கேட்க வேண்டும். சோதனை கிடையாது, அறிக்கை கிடையாது. என் பங்குக்கு வந்தவர் தேவசகாயம். ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் ஐந்து ஆண்டாக இருக்கிறவர். ‘வியாழக்கிழமை வருகிறேன், தனியாகப் பேச வேண்டும்’ என்று இரண்டு வாரம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன்.

பதினொன்றரைக்கு ரிங்லெட். மலையே தெரியாத பனி. சபை மூப்பர் அருளப்பன் தோட்டத்து லோரியோடு காத்திருந்தார். வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை. பாதி வழியில்தான் வாய் திறந்தார்.

“இன்னிக்கே முடிச்சிருவீங்களா ஐயா?”

“ஒரு மணி நேரம் போதுமே” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என் பக்கமே திரும்பவில்லை. மலைக்குளிர் மனிதர்களையும் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிற்றாலயத்தை ஒட்டிய பலகை வீட்டின் முன் லோரி நின்றது. இறங்கினவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டிய பாய்கள், சாக்கில் பாத்திரங்கள். மழைக்கோட்டு மாட்டிய முப்பது நாற்பது பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் தேவசகாயம், பக்கத்தில் கைக்குழந்தையோடு அவர் மனைவி ரூபி.

“எங்கே பயணம், தம்பி?” என்றேன்.

“அத நீங்கதாங்கய்யா சொல்லணும்.”

கொழுந்து பறிப்பை மேற்பார்க்கும் கங்காணி முனியாண்டி முன்னால் வந்தார். நெற்றியில் திருநீறு. சபைக்காரரே அல்ல.

“நம்ம பாஸ்டர் நல்ல மனுசன் ஐயா. என் மக சாகக் கெடந்தப்ப மூணு நாளு கூடவே இருந்தாரு. துரைகிட்ட சொல்லி வேலய விட்டு எடுக்காம பாத்துக்குங்க.”

“யார் எடுத்தது?”

“பெரிய ஆபீசுலேர்ந்து ஒரு ஆளு வந்து, ஒருத்தன்கிட்ட மட்டும் தனியா பேசணும்னா, தோட்டத்துல அதுக்குப் பேரு நோட்டீசுதான். அன்னிக்கே வீட்ட காலி பண்ணணும்.”

தேவசகாயம் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “என் அப்பாவுக்கு அப்படித்தாங்கய்யா ஆச்சு. சாமான் கட்டக்கூட நேரம் இல்ல, எல்லாம் மழையில நனைஞ்சுருச்சு. அதான் நான் முந்திக்கிட்டேன்.”

ஈப்போவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் யோசித்த நல்ல திட்டம் மலைமேல் ஏறும்போது இப்படி ஆகியிருந்தது. வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. “நோட்டீசு கிடையாது. நலம் விசாரிக்க வந்தவன் நான்” என்று உரக்கச் சொன்னேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நம்பினார்கள். அருளப்பன் ஓடிப்போய் டிரங்குப் பெட்டியைத் தாமே உள்ளே தூக்கி வைத்தார். பெண்கள் அடுப்பு மூட்டினார்கள்.

உள்ளே ரூபி பாய்க்கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்க, நாங்கள் தேநீரோடு உட்கார்ந்தோம். நான் விளையாட்டாகக் கேட்டேன்: “பாவம், இரண்டு வாரமாகத் தூங்கியே இருக்க மாட்டீர்களே?”

“இல்லங்கய்யா. நல்லா தூங்குனேன். அஞ்சு வருசத்துல அப்படி தூங்குனதே இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. ரூபியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

“செத்த வீடு, குடிச்சிட்டு அடிச்ச வீடு, எல்லாரும் என் கதவத்தான் தட்டுறாங்க. நான் யாரு கதவ தட்டுறது? ஜெபம் பண்ண வாய் தொறந்தா வெறும் காத்துதான் வருது. நானா விட்டுட்டுப் போனா ஓடிப்போயிட்டான்னு ஆயிரும். நீங்க ‘போ’ன்னு சொன்னா பழி இல்லல்ல? அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

வாசலில் பார்த்ததைவிடப் பெரிய அதிர்ச்சி இது. முப்பது வருட ஊழியத்தில் சேர்த்து வைத்த வசனம் எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

“எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லா” என்றாள் ரூபி. பிறகு, அவிழ்த்த பாயைத் திரும்பச் சுருட்டிக் கட்ட ஆரம்பித்தாள்.

நான் வெளியே வந்து சபையாரிடம் சொன்னேன்: மூன்று மாதம் இவர்கள் ஈப்போவில் என் வீட்டில் தங்குவார்கள், ஓய்வு, அவ்வளவுதான். ஞாயிறு விட்டு ஞாயிறு நான் வந்து ஆராதனை நடத்துவேன்.

அருளப்பன் முகம் செத்துப்போனது. “அப்ப நோட்டீசுதானா ஐயா?”

எனக்கு முன் ரூபி பதில் சொன்னாள். கொழுந்து எடுத்து வளர்ந்தவள். “வெட்டிக் கவாத்து பண்ணின செடில மறுநாளே கொழுந்து எடுப்பீங்களா அண்ணே? செடிய விட்டு வைக்கத் தெரியுது, மனுசன விட்டு வைக்கத் தெரியலியா?”

கங்காணி குனிந்து, பாத்திரச் சாக்கைத் தூக்கி லோரியில் வைத்தார்.

மறுநாள் காலை ரிங்லெட் வரை லோரியில் வந்து ஏறிய பேருந்தில், வழியிலுள்ள அருவியைத் தாண்டுவதற்குள் தேவசகாயம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அத்தனை வளைவிலும் விழிக்கவில்லை.

ஈப்போ வெயில் முகத்தில் அடித்தது. என் வீடு அந்தப் பலகை வீட்டைப்போல நாலு மடங்கு. குழாயில் தண்ணீர், கூடத்தில் தொலைபேசி. வந்தவர்களுக்கு அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு மனைவி என்னைச் சமையலறைக்கு அழைத்தாள்.

“தலைமைப் போதகர் போன் பண்ணினாரு. அடுத்த வாரம் வர்றாராம். உங்ககூட தனியா பேசணுமாம். என்னாவா இருக்கும்ங்க?”

அவள் குரலில் கலக்கம் தெரிந்தது. அதே திட்டத்தில் எனக்கும் துணையாக வைத்திருக்கும் மூத்தவர் அவர்தான், நலம் விசாரிக்கத்தான் வருகிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் நினைவுக்கே வரவில்லை.

அன்று படுத்தவுடன் தூங்கிவிட்டேன். பல வருடமாக அப்படித் தூங்கியதில்லை என்பது, விடிந்து எழுந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.