ஆயாக் கொட்டகையில் மலாய்ப் பாடம்

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் பேசச் சொன்னால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் பெரியவர்களுக்கு மலாய் பேசக் கற்றுக்கொடுத்தேன் என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில் ரெம்பியாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்ட வாசலை ஒட்டி ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் மளிகைக் கடை. ஜப்பான்காரன் போன மறுவருஷம் அதில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுவட்டக் கிராமங்களான கம்பங்களிலிருந்து மலாய்க்காரர்கள் சாமான் வாங்க வருவார்கள். முதலாளி அவர்களோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்கும் மலாய் வந்துவிட்டது. கடைக்குள் நின்றால் எனக்குக் கூச்சம் கிடையாது. எனக்கும் வருகிறவருக்கும் நடுவில் ஒரு பலகை இருந்தது. அது போதும்.

அவசரகாலத்தின் முதல் வருஷங்களில், காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று, டின் பாலையும் சார்டினையும் விற்கும்போதே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. வாசலில் முள்கம்பி வேலியும் காவல்காரர்களும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பெண்களின் வாளிகளைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அவர்கள் மலாயில் எதைக் கேட்டாலும் எங்கள் ஆட்கள் “யா, துவான்” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆமாம் ஐயா என்று அர்த்தம். விளங்கினாலும் அதுதான், விளங்காவிட்டாலும் அதுதான். கூடுதலாக ஒரு வார்த்தை பேசினால் என்ன ஆகுமோ என்ற பயம்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடமும் அப்படித்தான். விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், துரை என்ன சொன்னாலும் “சரிங்க தொர” என்பார்கள். அவர் போன பிறகு, வேலையை மேற்பார்க்கும் தண்டலைச் சுற்றிக்கொண்டு, என்ன சொன்னார் என்று கேட்பார்கள். துரையின் முகத்தைப் பார்த்து, விளங்கவில்லை என்று சொன்ன ஒரு ஆளை நான் கண்டதில்லை.

நாடு சுதந்திரம் அடைந்ததும், ஒரு வருஷத்துக்கு மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில், கையெழுத்துப் போட்டால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பாதிப் பேர் போகவே இல்லை. வருஷம் முடிந்தது. இனி அதிகாரி முன்னால் மலாயில் பேசிக் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. அதே சமயம் பக்கத்துத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நம்முடையதுதான் என்று எல்லாரும் கலங்கிப் போனார்கள்.

முதலில் ஆறு பேர் அலோர் காஜாவுக்குத் தேர்வுக்குப் போனார்கள். தண்டலும் அதில் ஒருவர். மற்ற ஐவரும் பால்வெட்டு ஆட்கள். ஆறு பேரும் தோற்றுத் திரும்பி வந்தார்கள்.

அந்த ஆறு பேரில் ஒரு அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவருக்கு நாற்பது வயது இருக்கும். எட்டு வயதில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவர். கணவர் இறந்து நாலு வருஷம். மூன்று பிள்ளைகளும் இங்கே பிறந்தவர்கள். தேர்வில் அதிகாரி பெயரைக் கேட்டார், சொன்னார். வேலையைக் கேட்டார், சொன்னார். பிறகு ஏதோ நீளமாகக் கேட்டார். அக்கா பழக்கப்படி “யா, துவான்” என்றார். திரும்பி வரும்போது லாரியில் தண்டல்தான் அது என்ன கேள்வி என்று விளக்கினாராம். இந்தியாவுக்குத் திரும்பிப் போக விருப்பமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“புள்ளைங்க மூணும் இந்த நாட்டுப் புள்ளைங்க தம்பி. நாளைக்குத் தோட்டத்த வித்துட்டு என்னைய மட்டும் கப்பல்ல ஏத்தி வுட்டுட்டா? அங்க எனக்கு யாரு இருக்கா?”

நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நீ மலாய் சொல்லிக் குடு.”

“நான் வாத்தியார் இல்லக்கா.”

“வாத்தியார்கிட்ட போவ வெக்கமா இருக்குலா. ஒங்கிட்ட வெக்கம் இல்ல. நீதான் எங்களவிட வெக்கப்படுறியே.”

இப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை, பிற்பகலில் காலியாக இருக்கும். முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, நாலு மணிக்கு அங்கே போவேன். தோற்ற ஆறு பேரும் வந்தார்கள். தொட்டில் கயிறுகளுக்கு நடுவில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. முதல் இரண்டு நாளும் கூரையைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினேன்.

கேட்கக்கூடிய கேள்விகளையும் அவற்றுக்குப் பதில்களையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தேன். பத்து நாளில் எல்லாரும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். பதினோராம் நாள் கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேட்டேன். எத்தனை பிள்ளைகள் என்றதற்கு ஒருவர் “ரெம்பியா” என்றார். எந்த ஊர் என்றதற்கு இன்னொருவர் “இருபத்திரண்டு வருஷம்” என்றார். சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மனப்பாடம் செய்ய வைத்தேனே தவிர, பேச வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெம்பியா பாசாரில் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மீன் விற்கும் மலாய் அம்மாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கோலா சுங்கை பாருவிலிருந்து காலையில் வந்த மீன் என்று அந்த அம்மா சொல்ல, அக்கா செவுளைத் தூக்கிக் காட்டி, இது நேற்று வந்தது, என் கண்ணை மூடிக்கொண்டாலும் மூக்கு திறந்திருக்கிறது என்று மலாயில் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார்.

பாசாரிலேயே நின்று யோசித்தேன். இவருக்கு மலாய் வராமல் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி உட்கார்ந்தால் வருவதில்லை. இந்த நோய் எனக்கு நன்றாகத் தெரிந்த நோய். படித்த வாத்தியார் யாருக்காவது இது விளங்கியிருக்குமா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இரவல் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“கதிரையில இருந்து பழக்குறியளோ? நல்லது. ஆனா உடைச்சுப் போடாதேங்கோ.”

நாற்காலியில் உட்காரவே அவர்களுக்குப் பழக்கம் இல்லை. ஆபீசில் எப்போதும் நின்றுதான் பேசியிருக்கிறார்கள், அதுவும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. உட்காரப் பழகவே இரண்டு நாள் ஆனது. பிறகு ஆளுக்கு ஒரு தடவை அதிகாரியாக உட்கார வேண்டும் என்றேன். அதிகாரி வேண்டுமென்றே வேகமாகவும் குழப்பமாகவும் கேட்க வேண்டும். விளங்காவிட்டால் எதிரில் இருப்பவர் அவரை நிறுத்தி, எனக்கு விளங்கவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். விளங்காமல் “யா, துவான்” என்றவர் மறுநாள் கொட்டகையைக் கூட்ட வேண்டும்.

அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரியைப் பார்த்து மெதுவாகப் பேசு என்று சொல்வதாவது? “வாய் கூசுது தம்பி,” என்றார் அக்கா. சரி, கடையில் பழகலாம் என்று, அவர்கள் வரும்போதெல்லாம் மலாயில் மட்டும் பேசினேன், அதுவும் வேகமாக. அக்கா சீனி வாங்க வந்தபோது, உப்புக் கட்டவா என்று மலாயில் சரசரவென்று கேட்டேன். “யா,” என்றார். உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“ஒன் வாத்தியார் வேலையில தீய வைக்க. தேத்தண்ணி கரிக்குது.”

முதலாளியும் என்னைத் திட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அக்கா என்னை நிறுத்தி மறுபடி கேட்காமல் எதையும் வாங்கியதில்லை.

கொட்டகையில் அதிகமாகப் பெருக்கியவர் தண்டல்தான். முப்பது வருஷமாக மற்றவர்களை வேலை வாங்கியவர். ஒரு பால்வெட்டுப் பெண் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பதை அவரால் தாங்க முடியவில்லை. துடைப்பத்தைப் பார்த்தாலே மற்றவர்கள், “தண்டலு, ஒங்களுக்குத்தான்,” என்பார்கள். ஆனாலும் ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போனோம். நானும் போனேன். அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு தூண் இருந்தது. அதன் மறைவில் நின்றுகொண்டேன். சன்னல் திறந்திருந்தது.

அதிகாரி இந்த முறை புதியவர், இளைஞர். வடக்கே எங்கிருந்தோ வந்தவர் போல, பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இல்லை. முதலில் போன தண்டல், முதல் கேள்விக்கே “யா, துவான்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். அவர் அடுத்த முறைதான் தேறினார்.

மூன்றாவதாக அக்கா. உட்காரச் சொன்னதும் செருப்போடு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர், வேலை, பிள்ளைகள் எல்லாம் சரியாகப் போயின. பிறகு அதிகாரி ஒன்றை வேகமாகக் கேட்டார். எனக்கே பாதிதான் விளங்கியது. அக்காவின் கழுத்து மெல்லக் குனிந்தது. பெரட்டில் குனியும் அதே குனிவு. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் தலை நிமிர்ந்தது.

“துவான், சாயா தா பாஹாம். சாக்காப் பெலான்-பெலான்.”

எனக்கு விளங்கவில்லை, மெதுவாகப் பேசுங்கள். சொல்லிவிட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மன்னிக்க வேண்டும் அம்மா என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக மறுபடி கேட்டார். இந்தியாவுக்குத் திரும்பிப் போகும் எண்ணம் இருக்கிறதா?

அக்கா பாசார் மலாயில்தான் பதில் சொன்னார். என் கணவரை இங்கேதான் எரித்தோம். என் பிள்ளைகள் இங்கேதான் படிக்கிறார்கள். அந்த ஊருக்கு வழிகூட எனக்குத் தெரியாது. நான் எங்கே திரும்பிப் போவது, துவான்? குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. அதோடு விடாமல், துவான் எந்த ஊர், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று அவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அதிகாரியும் பதில் சொன்னார். யாருக்குத் தேர்வு என்று எனக்கே சந்தேகம் வந்தது.

எழுந்து வரும்போது அதிகாரியும் வாசல்வரை வந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அக்கா தூணைக் காட்டினார். அதிகாரி என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அக்கா சிரித்துக்கொண்டே மலாயில், இவருக்கு வெட்கம் துவான், கடைக்குள் நின்றால்தான் பேச்சு வரும் என்றார். அந்த வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் ஒரு சொல்லைக்கூட நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் முகம் எரிந்தது. ஆனால் அன்றைக்கு என் நெஞ்சில் இருந்த பெருமை, என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

ஐந்து பேர் தேறினார்கள். பிறகு இன்னும் ஐந்து பேர் கொட்டகைக்கு வந்து படித்தார்கள். தோட்டத்தை விற்கத்தான் செய்தார்கள். ஆனால் அது பின்னால்.

அக்காவுக்குக் குடியுரிமைக் கடிதம் வந்த அன்று, உறையைப் பிரிக்காமல் கடைக்குக் கொண்டு வந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் பிரித்து மலாயில் உரக்க வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு, அர்த்தம் சொல்லலாம் என்று தமிழில் ஆரம்பித்தேன். அவர் பலகைக்கு மேலாகக் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

“போதும் தம்பி. எனக்கு வெளங்கிருச்சி.”